கல்யாணச் செலவு 100, கையில் 70: மீதி 30-க்குக் கடன் வாங்கலாமா?

தூறல் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். எட்டு மாதத்தில் எனக்குக் கல்யாணம். நானும் அவரும் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறோம். உண்மைத் தொகையை எழுதினால் "இவ்வளவா", "இவ்வளவுதானா" என்று பேச்சு திசை மாறிவிடும். அதனால் வீட்டில் போட்ட மொத்தச் செலவை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாமே அந்த அளவில்தான்.

அழைக்க நினைப்பது 400 பேர். சாப்பாடு 34, நகையும் துணியும் 22, மண்டபம் 18, போட்டோவும் வீடியோவும் 9, அலங்காரம் 8, வண்டிக்கும் வெளியூர்க்காரர்கள் தங்குவதற்கும் 4, பத்திரிகை 2, சில்லறைச் செலவு 3. அவர் வீட்டுப் பக்கத்து நகை, துணி இதில் சேரவில்லை. அதை அவர்கள் தனியாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

எங்கள் இருவரின் சேமிப்பு 36. மாதம் 2 வீதம் எட்டு மாதத்தில் இன்னும் 16 சேரும். அப்பா 18 தருகிறேன் என்கிறார். அதில் பெரும்பகுதி அவர் ஓய்வுக்காலத்துக்கென்று ஒதுக்கிய பணம். எல்லாம் சேர்த்தால் 70. மீதி 30-க்கு ஒரு தனிநபர் கடன் தயாராக இருக்கிறது, கையெழுத்துப் போட்டால் போதும் என்று செய்தி வந்திருக்கிறது. 14 சதவீத வட்டி, மூன்று வருடத் தவணை.

"வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை. இரண்டு சம்பளம் வருகிறது, கட்டிவிடலாம்" என்கிறான் அண்ணன். அன்பளிப்பாக வரும் பணத்திலேயே பாதிக் கடன் அடைந்துவிடும் என்கிறார் மாமா. என் மனது ஒப்பவில்லை. எளிமையாகத்தான் நடத்த வேண்டும் என்று எனக்குக் கொள்கை ஒன்றும் கிடையாது. எல்லோரும் வர வேண்டும், சந்தோஷமாக இருந்துவிட்டுப் போக வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் புதுக் குடித்தனத்தைத் தவணையோடு தொடங்கவும், அப்பாவின் முதுமைப் பணத்தில் நகை வாங்கவும் என்னால் முடியாது.

மண்டபத்துக்கு அடுத்த வாரம் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்கிறார்கள். எதைக் குறைக்கலாம்? வீட்டில் இதை எப்படிப் பேசுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய கணக்கு

தங்கச்சி, கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன் நான். கடன் என்றாலே கெட்டது என்று சொல்ல மாட்டேன். வீடு, படிப்பு, தொழில் என்று வாங்கி நன்றாக வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு நாள் நிகழ்ச்சிக்கு வாங்கும் கடனுக்கு எதிரே மறுநாள் எதுவும் மிஞ்சி நிற்பதில்லை. விற்கவும் முடியாது, அதிலிருந்து வருமானமும் வராது. தவணை மட்டும் வரும். ஆகவே முதலில் அந்தத் தவணையை நன்றாகப் பார்த்துவிடுவோம்.

14 சதவீதம் என்றார்களே, எந்த 14 என்று கேட்டீர்களா? இரண்டு வகை உண்டு. ஒன்று, மாதாமாதம் குறைந்துகொண்டே வரும் பாக்கி அசலுக்கு மட்டும் வட்டி. அந்தக் கணக்கில் 30-க்கு மூன்று வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 1.03 வரும். மொத்தம் கட்டுவது 36.9, வட்டி மட்டும் 6.9. இன்னொன்று ஃபிளாட் வட்டி. நீங்கள் பாதி அசலைத் திருப்பிக் கட்டிய பிறகும் முழு 30-க்கே வட்டி போட்டுக்கொண்டிருப்பார்கள். அதில் வட்டி 12.6, மாதத் தவணை 1.18. காகிதத்தில் இரண்டுமே 14 சதவீதம்தான். ஃபிளாட் 14-ஐ முதல் வகைக்கு மாற்றிப் பார்த்தால் அது உண்மையில் வருடத்துக்கு 24 சதவீதத்துக்கு மேல். செயல்பாட்டுக் கட்டணம் 2 சதவீதம் என்றால் கைக்கு வருவது 29.4, தவணை ஓடுவது 30-க்கு. கடனோடு காப்பீடு ஒன்றைச் சேர்த்து விற்கிறார்களா, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா, எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதம் எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாங்கப் போவதில்லை என்றாலும் கேளுங்கள். அந்தத் தாளை வீட்டில் காட்டினால் பாதிப் பேச்சு முடிந்துவிடும்.

நல்ல வகை வட்டியே என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மாதம் சேர்க்க முடிகிற 2-இல் 1.03 போய்விடும். பாதிக்கு மேல், மூன்று வருடம். எந்த மூன்று வருடம் என்று யோசியுங்கள். வீடு பார்த்து முன்பணம் கொடுக்க வேண்டும், பாத்திரம் பண்டம் வாங்க வேண்டும், குழந்தை வரலாம், உங்கள் இருவரில் ஒருவர் வேலை மாறலாம், கொஞ்ச நாள் வேலையை விட வேண்டியும் வரலாம். "இரண்டு சம்பளம் வருகிறது" என்ற உங்கள் அண்ணனின் வாதம் அந்த இரண்டு சம்பளமும் 36 மாதமும் தடங்கலில்லாமல் வரும் என்பதை நம்பி நிற்கிறது. என் மேசைக்குத் திரும்பி வந்த கணக்குகளில் பலவற்றில் ஊதாரித்தனம் ஒன்றும் இல்லை. ஒரு சம்பளம் நின்றிருந்தது, அவ்வளவுதான்.

கிரெடிட் கார்டு பக்கம் போகவே வேண்டாம். மாதம் 3 சதவீதம் என்பது சின்ன எண்ணாகத் தெரியும். வட்டிக்கு வட்டி ஏறினால் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒன்றும் கட்டாமல் விட்டால் இரண்டு வருடத்துக்குள் பாக்கி இரட்டிப்பாகிவிடும். கடைசி வாரத்தில் "இதையும் கார்டில் போட்டுவிடு" என்பதுதான் அதிகம் நடக்கிறது. கல்யாண வாரம் கார்டை வீட்டிலேயே பூட்டி வையுங்கள்.

மாமா சொல்லும் அன்பளிப்புக் கணக்கையும் விட்டுவிடுங்கள். மண்டபத்துக்கும் சமையலுக்கும் பணம் அன்றைக்கோ அதற்கு முன்போ கொடுத்தாக வேண்டும். அன்பளிப்பு வருவது அதற்குப் பிறகு. எவ்வளவு வரும் என்பதும் யார் கையிலும் இல்லை. அதோடு, வாங்கியதை அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்யாமல் இருக்க மாட்டீர்கள். அந்தப் பணம் வரட்டும், சந்தோஷம். வந்தபின் குடித்தனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எதைக் குறைப்பது என்ற கேள்வி. 100-இல் ஆரம்பித்துக் குறைத்துக்கொண்டு வந்தால் ஒவ்வொரு குறைப்பும் இழப்பாகத் தெரியும், ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வருத்தப்படுவார். திருப்பிப் போடுங்கள். கல்யாண நாளில் உங்கள் கையில் இருக்கப்போவது 52. அதில் மூன்று மாத வீட்டுச் செலவை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள், அது கல்யாணப் பணமே இல்லை. மிச்சத்தோடு, அப்பாவிடமிருந்து ஓய்வுப் பணத்தைத் தொடாமல் எவ்வளவு வருமோ அதைச் சேருங்கள். அதுதான் உங்கள் வரம்பு. வரம்பு தெரிந்த பிறகு பட்டியல் எழுதுங்கள். அதுவரை எந்த அட்வான்ஸும் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்த நிமிடத்தில் மண்டபத்தின் அளவு முடிவாகிவிடும். மண்டபத்தின் அளவு ஆள் எண்ணிக்கையை முடிவு செய்யும், ஆள் எண்ணிக்கை மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

வாசல்கோலம்

தூறல், நான் கல்யாண ஏற்பாடு செய்து தரும் தொழிலில் இருப்பவள். உங்கள் பட்டியலைப் பார்த்தேன். அண்ணா மேலே சொன்ன கடைசி வரியிலிருந்து தொடர்கிறேன், ஏனென்றால் எங்கள் தொழிலின் சூட்சுமமே அங்கேதான் இருக்கிறது.

உங்கள் 100-இல் ஆளுக்கு ஆள் கூடுகிற செலவு, ஒரு தடவையோடு முடிகிற செலவு என்று இரண்டு உண்டு. சாப்பாடு 34 என்றால் நூறு பேருக்கு 8.5. இது ஆளோடு நேராக ஏறி இறங்கும். வண்டி, தங்குமிடம், பத்திரிகை இவையும் அப்படியே. மண்டபம் படிப்படியாக ஏறும். 250 பேர் உட்காரும் இடத்துக்கும் 400 பேர் உட்காரும் இடத்துக்கும் வாடகையில் பெரிய தாவல் இருக்கும். போட்டோ ஆள் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. எத்தனை மணி நேரம், எத்தனை கேமரா, ஆல்பத்தில் எத்தனை பக்கம் என்பதுதான் கணக்கு. அலங்காரம் இடத்தின் அளவையும் தேதியையும் பார்க்கும். ஆக, பூவிலும் பத்திரிகைத் தாளிலும் சண்டை போட்டு 1 மிச்சம் பிடிப்பதைவிட ஆள் எண்ணிக்கையையும் நேரத்தையும் சரியாகத் தீர்மானித்தால் 20, 25 தானாக இறங்கும்.

அடுத்து ஒப்பந்தம். பலர் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள், அங்கேதான் செலவு வழிகிறது. சமையல்காரர்கள் "குறைந்தபட்ச உறுதி" என்று ஒரு எண் கேட்பார்கள். 300 என்று எழுதிக் கொடுத்துவிட்டு 240 பேர் வந்தாலும் 300-க்குத்தான் பணம். அழைத்த எல்லோரும் வருவதில்லை, ஆகவே அழைத்த எண்ணை அங்கே எழுதாதீர்கள். யார் நிச்சயம் வருகிறார்கள் என்று பத்திரிகை போனபின் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டு, அந்த எண்ணுக்குக் கொஞ்சம் கீழேயே உறுதி கொடுங்கள். கூட வருபவர்களுக்கு ஆளுக்கு என்ன விலை என்பதையும் அதே தாளில் எழுதி வாங்குங்கள். அந்தக் கூடுதல் விலை ஒப்பந்த விலையைவிட அதிகமாக இருக்கக் கூடாது. கடைசி எண்ணிக்கையை எத்தனை நாள் முன்பு சொன்னால் போதும் என்று கேளுங்கள். அந்த நாள் கல்யாணத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ உங்களுக்கு அவ்வளவு நல்லது.

மண்டபத்தில் வாடகைக்கு மேலே என்னென்ன வரும் என்று கேளுங்கள். மின்சாரம் மீட்டர்படியா, ஜெனரேட்டர் தனியா, துப்புரவு, நாற்காலி, வண்டி நிறுத்தம், உடைசலுக்கான வைப்புத்தொகை, வரி, நேரம் தாண்டினால் மணிக்கு எவ்வளவு. எங்கள் அலங்காரக்காரரைத்தான் வைக்க வேண்டும், எங்கள் சமையல்காரரைத்தான் வைக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வாடகை மலிவாகத் தோன்றுகிற இடங்களில் அந்த மலிவை இப்படித்தான் திருப்பி எடுப்பார்கள். தேதி மாறினால், ரத்தானால் அட்வான்ஸில் எவ்வளவு திரும்பும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

விடுமுறை நாளும் எல்லோரும் விரும்பும் மாதமும்தான் விலையை ஏற்றுகின்றன. வார நாளில், அரை நாளுக்கு மட்டும் இடம் எடுத்தால் அதே மண்டபக்காரரே இறங்கி வருவார். காலி நாள் அவருக்கு நஷ்டம், அதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

போட்டோக்காரருக்கு முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். கடைசிப் பகுதி ஆல்பம் கைக்கு வந்த பிறகுதான் என்று எழுதிக்கொள்ளுங்கள். நல்ல போட்டோக்காரர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

இன்னொன்று. எங்கள் தொழிலில் "பேக்கேஜ்" என்று ஒரு வார்த்தை உண்டு. மொத்தமாக வாங்கினால் குறைவு என்பார்கள். தனித்தனியாக ஒவ்வொன்றுக்கும் விலை கேளுங்கள். உங்களுக்கு வேண்டாதவற்றை நீக்கிவிட்டுக் கூட்டிப் பார்த்தால் பல சமயம் பேக்கேஜைவிடக் குறைவாக இருக்கும்.

வெள்ளைத்தாள்

அக்கா சொன்ன ஒப்பந்த விஷயங்கள் எல்லாம் பொன். ஆனால் ஆளைக் குறைப்பதை முதல் வழியாகச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. எனக்குச் சமீபத்தில்தான் கல்யாணம் முடிந்தது, கடன் இல்லாமல்.

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகப் பொருளியலாளர்கள் ஆண்ட்ரூ பிரான்சிஸ், ஹியூகோ மியாலோன் இருவரும் 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கல்யாணம் ஆன 3,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்டு எடுத்த கணக்கு. கல்யாணத்துக்கும் மோதிரத்துக்கும் அதிகம் செலவழித்தவர்களின் மணவாழ்க்கை நீடிப்பது குறைவாகவும், அதிகம் பேர் கலந்துகொண்ட கல்யாணங்கள் நீடிப்பது அதிகமாகவும் இருந்தது. செலவுதான் காரணம் என்று இதை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் நிறையப் பேர் வந்த கல்யாணமும் நிறையப் பணம் போன கல்யாணமும் ஒன்றல்ல என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. தூறல் கேட்பதும் அதைத்தானே? எல்லோரும் வர வேண்டும், கடன் கூடாது.

நாங்கள் செய்தது, ஆளை அதிகம் வெட்டாமல் வேளையை மாற்றியது. முழு விருந்து வேளையில் வைக்காமல் பிற்பகலில் வைத்தோம். அந்த நேரத்துக்கு யாரும் பெரிய சாப்பாட்டை எதிர்பார்ப்பதில்லை. தரமாக, வகை குறைவாகக் கொடுத்தோம். ஆளுக்கு ஆகும் செலவு முழு விருந்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காக இறங்கியது. மண்டபமும் அரை நாள் வாடகைதான். வந்தவர்கள் நிதானமாக உட்கார்ந்து பேசினார்கள். சாப்பாட்டுக்கு வரிசை இல்லை, அடுத்த ஆளுக்கு இடம் விட வேண்டும் என்ற அவசரம் இல்லை. எங்கள் பாட்டி கடைசி வரை ஒரே நாற்காலியில் உட்கார்ந்து தன் பழைய சிநேகிதிகளோடு பேசிக்கொண்டிருந்தார்.

அதற்காகப் பட்டியலை அப்படியே விட வேண்டும் என்பதில்லை. நாங்கள் ஒவ்வொரு பெயருக்கும் ஒரே கேள்வி கேட்டோம்: கடந்த இரண்டு வருடத்தில் இவரோடு நாங்களோ பெற்றோரோ பேசியிருக்கிறோமா? இல்லை என்றால் பட்டியலில் இல்லை. அலுவலகத்தில் எல்லோரையும் அழைப்பது, ஒருவரையும் அழைக்காமல் அங்கேயே ஒரு நாள் இனிப்பு கொடுப்பது என்ற இரண்டில் இரண்டாவதை எடுத்தோம். பாதிப் பேரை மட்டும் அழைத்தால்தான் மனஸ்தாபம் வருகிறது.

இந்த நெருக்கடி நம் தலைமுறையில் புதிதாக வந்ததும் இல்லை. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்தில் 14-ஆம் நூற்றாண்டிலேயே கல்யாண விருந்தின் ஆடம்பரத்துக்கு வரம்பு வைத்துச் சட்டம் போட்டிருக்கிறார்கள். "அவர்கள் செய்தார்கள், நாம் செய்யாவிட்டால் என்ன நினைப்பார்கள்" என்பது அவ்வளவு பழைய பயம். அந்தப் பயத்துக்கு ஒரு விலை வைத்துப் பாருங்கள் தூறல். உங்கள் விஷயத்தில் அது மாதம் 1.03, மூன்று வருடம்.

கிணற்றடி

கண்ணு, நான் இரண்டு பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவள். கணக்கெல்லாம் மேலே பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் எப்படிப் பேசுவது என்று கேட்டாயே, அதற்கு மட்டும் சொல்கிறேன்.

அப்பா 18 தருகிறேன் என்கிறார் இல்லையா? அது வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடாதே. பெண்ணுக்குச் செய்ய முடியாதவன் என்று தன்னை நினைத்துக்கொள்வார், அந்த வருத்தம் உள்ளேயே இருந்துவிடும். "அப்பா, உங்கள் ஓய்வுப் பணம் இல்லாமல் உங்களால் என்ன முடியும்?" என்று கேள். அவர் சொல்லும் தொகை எதுவானாலும் அதற்கு ஒரு பெயர் வை. மண்டபம் அப்பா செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடத்தைப் பார்த்து முடிவு செய்வது, பணம் கொடுப்பது, அன்றைக்கு வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்பது எல்லாம் அவர் பொறுப்பு. கொடுத்தது 8 ஆனாலும் 18 ஆனாலும் அவர் செய்து வைத்த கல்யாணமாக அது இருக்கும். பெற்றவர்களுக்கு வேண்டியது அதுதான்.

ஓய்வுப் பணத்தை ஏன் தொடக் கூடாது என்பதையும் அன்பாகச் சொல். கல்யாணத்துக்குக் கடன் கொடுக்க ஆள் உண்டு. எழுபது வயதில் வீட்டுச் செலவுக்கும் மருந்துக்கும் கடன் கொடுக்க யாரும் வர மாட்டார்கள். அப்போது அந்தச் செலவு உன்னிடமும் உன் அண்ணனிடமும்தான் வரும். நீங்கள் தாங்குவீர்கள், சந்தேகமில்லை. ஆனால் பிள்ளைகளிடம் மாதாமாதம் கை நீட்டும் நிலை அவருக்கு எப்படி இருக்கும்?

பேசும்போது எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசாதே. பத்துப் பேர் கூடினால் ஒருவர் சொன்னதற்கு மேல் இன்னொருவர் ஏற்றிச் சொல்வார். முதலில் நீயும் மாப்பிள்ளையும் ஒரு வார்த்தையில் நில்லுங்கள். அப்புறம் உன் அம்மா அப்பாவிடம் நீ பேசு, அவர் அம்மா அப்பாவிடம் அவர் பேசட்டும். உன் வாயிலிருந்து அவர்கள் வீட்டுக்கு "வேண்டாம்" என்ற வார்த்தை போகவே கூடாது. சம்பந்தி வீட்டார் முதல் வருடத்தில் கேட்ட வார்த்தையை வெகு நாள் மறக்க மாட்டார்கள்.

பேசும்போது தாளில் எழுதிக்கொண்டு போ. "செலவு அதிகம்" என்றால் விவாதம் வரும். "இதுதான் இருக்கிறது, இதில் எப்படி நன்றாகச் செய்யலாம், நீங்கள் சொல்லுங்கள்" என்றால் யோசனை வரும். ஒவ்வொருவருக்கும் விட்டுக்கொடுக்கவே முடியாத ஒன்று இருக்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள். என் பெரியவள் கல்யாணத்தில் என் கணவருக்கு நல்ல இசைக் கச்சேரி வேண்டும் என்பது ஒன்றுதான் ஆசை. அதை வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் குறைத்தோம், அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

தூறல்

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு உடனே பதில் எழுதத் தோன்றவில்லை, முதலில் வீட்டில் பேசினேன். கிணற்றடி அம்மா, நீங்கள் சொன்ன அதே வார்த்தைகளில்தான் அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ஓய்வுப் பணத்தைத் தொடாமல் 8 முடியும் என்றார். மண்டபம் உங்கள் பொறுப்பு என்றதும் அன்று மாலையே இரண்டு இடம் பார்த்துவிட்டு வந்தார்.

பழைய கணக்கு அண்ணா, நீங்கள் சொன்னபடி கடன் கொடுப்பவர்களிடம் எழுத்தில் கேட்டேன். ஃபிளாட் வட்டிதான். கட்டணம் தனி. அந்தத் தாளை அண்ணனிடம் காட்டினேன், 24 சதவீதம் என்றதும் அவனே கடன் பேச்சை விட்டுவிட்டான்.

இப்போது கணக்கு இப்படி. எங்கள் 52-இல் மூன்று மாதச் செலவுக்கு 10 ஒதுக்கினால் 42. அப்பாவின் 8 சேர்த்து வரம்பு 50. பிற்பகல் வேளை, வார நாள், 260 பேர். வெள்ளைத்தாள் சொன்ன மாதிரி இலகுவான சாப்பாட்டுக்கு விலை கேட்டதில் நூறு பேருக்கு 5.5 வந்தது, ஆகச் சாப்பாடு 14.3. அரை நாள் மண்டபம் 9. நகையும் துணியும் 8, ஏனென்றால் அம்மாவின் நகையையே போட்டுக்கொள்ளப் போகிறேன். எனக்கு அது பிடித்தும் இருக்கிறது. போட்டோ 4, வீடியோ இல்லை. அலங்காரம் 3, வண்டியும் தங்குமிடமும் 3, பத்திரிகை 1, சில்லறை 2. எதிர்பாராததற்கு 5. கூட்டினால் 49.3.

இரண்டு சந்தேகம் மிச்சம். எதிர்பாராததற்கு 5 போதுமா? அடுத்து, அவருடைய அம்மாவிடம் இன்னும் 90 பேர் கொண்ட ஒரு பட்டியல் இருக்கிறது. அவர் பேசிப் பார்த்தார். அம்மா கோபப்படவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது என்கிறார். அந்த 90 பேரில் பலர் அவர்களுக்குக் கஷ்டக் காலத்தில் உதவியவர்கள். அப்படியே விட்டுவிட எனக்கும் மனம் வரவில்லை.

பழைய கணக்கு

முதல் சந்தேகத்துக்கு நான் சொல்கிறேன். 44.3 செலவுக்கு 5 என்றால் பதினொரு சதவீதம் சொச்சம். குறைவில்லை, ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் மிச்சமிருக்கும் 0.7-ஐயும் அதிலேயே போடுவேன்.

இதற்குக் காரணம் உண்டு. உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979-இல் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். திட்டம் போடும்போது எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்ற படத்தை மட்டுமே மனது பார்க்கிறது, இதே மாதிரி வேலை மற்றவர்களுக்கு எப்படி முடிந்தது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. 1994-இல் கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று வேறு ஆய்வாளர்கள் கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமாகப் போனால் என்று நினைத்ததையும் தாண்டியது. ஆகவே உங்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு, சமீபத்தில் கல்யாணம் நடத்திய இரண்டு மூன்று குடும்பங்களிடம் போய், "போட்ட கணக்கு எவ்வளவு, ஆனது எவ்வளவு, எந்த இடத்தில் கூடியது" என்று கேளுங்கள். அந்த விடை உங்கள் ஊகத்தைவிட நம்பகமானது.

அந்த 5-ஐ வேறு கணக்கில் போட்டு, எடுக்க வேண்டுமானால் நீங்கள் இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வையுங்கள். அலங்காரத்தில் இன்னும் கொஞ்சம் என்பது எதிர்பாராத செலவு இல்லை. மழையில் கூரை போட வேண்டி வந்தால் அது எதிர்பாராதது.

கிணற்றடி

அந்த 90 பேர் விஷயம் எனக்கு. கஷ்டத்தில் உதவியவர்களை அழைக்க நினைக்கிற மாமியார் கிடைத்திருக்கிறார் உனக்கு. அந்தப் பட்டியலை வெட்ட வேண்டாம், அவர்களை அழைக்கும் தேதியை மாற்று. கல்யாணம் முடிந்து மூன்று நான்கு மாதம் கழித்து, அவர்கள் வீட்டிலோ பக்கத்தில் ஒரு சின்ன இடத்திலோ அவர்களுக்கு மட்டும் ஒரு வேளை விருந்து வையுங்கள். தவணை கட்டாததால் உங்கள் மாதச் சேமிப்பு 2 அப்படியே இருக்கும். மூன்று மாதம் சேர்த்தால் 6. நீ கேட்ட விலையில் 90 பேருக்குச் சாப்பாடு 5 கூட ஆகாது. நாற்காலி, பாத்திரம் வாடகைக்கும் மிச்சம் இருக்கும்.

இதை நீ சொல்லாதே, மாப்பிள்ளை அவர் அம்மாவிடம் சொல்லட்டும். தேதியை அவர் அம்மாவே குறிக்கட்டும். கல்யாணக் கூட்டத்தில் வணக்கம் சொல்லக் கூட நேரமிருக்காத மனிதர்களோடு அன்றைக்கு நீ உட்கார்ந்து பேசலாம், யார் எப்போது என்ன உதவி செய்தார் என்று உன் மாமியாரே உனக்குச் சொல்வார்.

வாசல்கோலம்

தூறல், அப்பா பார்த்த இரண்டு இடத்தில் எதை முடிவு செய்தாலும், அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தை இங்கே பெயர், தொகையை மறைத்துப் போடுங்கள், நான் ஒரு தடவை படித்துப் பார்க்கிறேன். அரை நாள் வாடகை என்றால் எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், எத்தனை மணிக்குள் காலி செய்ய வேண்டும் என்பதை அப்பாவை இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள். அலங்காரக்காரருக்குக் குறைந்தது மூன்று மணி நேரம் முன்பே கதவு திறக்க வேண்டும். அந்த நேரத்துக்குத் தனி வாடகை கேட்டால் 9 என்பது 11 ஆகிவிடும்.